கூறைச்சேலைக்கு வந்த பாஸ்

போன வாரம் வனிதாவை அவள் அடுக்களையில் விட்டுவிட்டு வந்தோம். கைபேசியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி, மூடிமேல் ஒரு தேங்காயையும் தூக்கி வைத்திருந்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா நாச்சம்மாள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பானை உறுமியது. வனிதா வெங்காயம் அரிந்தாள். கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

தம்பி கோபிநாத்துக்குக் கேரளப் பக்கம் முதலமடையில், அவர்கள் பிறந்த ஊரில், கல்யாணம். ஏழு வருஷம் பெண் தேடி, நாற்பத்திரண்டு ஜாதகம் பார்த்து, ஜோசியரே வேறு தொழிலுக்குப் போய்விடலாமா என்று யோசித்த பிறகு அமைந்த சம்பந்தம். கொரோனா வந்ததென்று தள்ளிப்போட்டால் பெண் வீட்டார் மனசும் தள்ளிப்போய்விடும் என்று நாச்சம்மாளுக்குப் பயம். ஆயிரத்து இருநூறு பத்திரிகை அடித்த கல்யாணத்தை, இருபது பேருக்குமேல் கூடக்கூடாது என்ற உத்தரவுக்குள் எப்படியோ மடித்து அடக்கினாள். சமையல்காரரை அழைத்தால் சித்தப்பாவை விடவேண்டும். சித்தப்பாவை அழைத்தால் சோறு கிடையாது. சித்தப்பா விடுபட்டார்.

வனிதா வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஆனைமலைக்குப் பக்கத்தில். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பத்தொன்பது கிலோமீட்டர். மற்ற வருஷங்களில் அம்மா வீட்டில் மாங்காய் கடித்தால், வாயில் புளிப்பு மாறுவதற்குள் இங்கே வந்து சேர்ந்திருப்பாள். இந்த வைகாசியில் நடுவில் இரண்டு மாநிலத்துப் போலீசும் நின்றார்கள். வனிதா கேட்ட பாஸ் மூன்று தரம் திரும்பி வந்தது. மணமக்களுக்கும் பெற்றோருக்கும் மட்டும்தானாம். அக்காவுக்கு அந்த விண்ணப்பப் பாரத்தில் இடமே இல்லை.

ஆனால் கொங்குக் கல்யாணத்தில் கூடப்பிறந்தவளுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. இணைச்சீர் என்பார்கள். மணப்பெண் உடுத்தப்போகிற கூறைச்சேலையை மூங்கில் பேழையில் வைத்துத் தலையில் சுமந்து, மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். சேலையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். பெண்டாட்டி வந்த பிறகும் கூடப்பிறந்தவளை மறக்கமாட்டேன் என்று உறவு அறிய அவன் ஒப்புக்கொள்கிற நேரம் அது. சொந்த அக்கா இல்லாவிட்டால் பெரியப்பா மகள் நிற்கலாம்.

அந்த ‘நிற்கலாம்’தான் வனிதாவின் நெஞ்சில் நெருஞ்சிமுள்ளாகக் குத்தியது. ஏனென்றால் பெரியப்பா மகள் யோகப்பிரியா முதலமடையிலேயே இருந்தாள். பாஸ் வேண்டாத தூரம்.

“சேலையைத் தக்காளி வண்டியில குடுத்தனுப்பு. உன்ற எடத்துல யோகப்பிரியா நின்னுக்குவா” என்று நாச்சம்மாள் போனில் சொன்னாள். கூறைச்சேலை வனிதாவிடம்தான் இருந்தது. ஊரடங்குக்கு முந்தின வாரம் தறிக்காரர் வீட்டிலேயே உட்கார்ந்து, அரக்கா மாந்துளிரா என்று இரண்டு மணி நேரம் யோசித்து, அவளே எடுத்து வந்தது.

“நான் வந்தாத்தான் சேலை வரும்” என்று சொல்லிவிட்டுத்தான் வனிதா போனைப் பானையில் போட்டாள்.

அம்மா சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். தம்பியும் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். “அக்கா, சேலையை மட்டும் அனுப்பிரு.” தன் ஒன்பது வயசில் அவனை இடுப்பில் தூக்கித் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தே பழகியவள் அவள். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைப் பதினோரு தரம் போட்டுக் கேட்டாள்.

*

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு வனிதாவின் புருஷன் பூபதிராஜா வாசலில் குட்டியானையை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அது அவன் தேங்காய் ஏற்றுகிற சின்ன லாரி.

“அம்மணி! வந்திருச்சு! பாஸ் வந்திருச்சு!”

வனிதா கரண்டியோடு வந்தாள். “ஆருக்குங்க?”

“நமக்குத்தான். பாரு, பச்சைக் கலர்ல டிக்குப் போட்டிருக்குது.”

மூன்று தரம் சிவப்பையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை போதுமாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அதை இரண்டு பேருமே படிக்கவில்லை.

“அதெப்படிங்க, மூணு தரம் இல்லேன்னவங்க இப்பக் குடுத்தாங்க?”

“எல்லாம் போடற எடத்துல போடோணும்” என்று பூபதிராஜா மீசையைத் தடவிக்கொண்டு விளக்க ஆரம்பித்தான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வனிதா பீரோவைத் திறந்தாகிவிட்டது.

கிளிப்பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டாள். ஊரடங்குக்கு முன்னால் தைத்த ரவிக்கை, ஊரடங்குக்குப் பிந்தின வனிதாவை உள்ளே விட மறுத்தது. மூச்சை இழுத்துப் பிடித்து மூன்று கொக்கிகளைப் போட்டாள். நாலாவது கொக்கியை முந்தானை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். இணைச்சீர் முடியும்வரை அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது. தட்டில் இருந்த இட்லியைப் பார்க்காமல் மூடிவைத்தாள். சீர் வழக்கமாக இரவில்தான் நடக்கும். இப்போது ஏழு மணிக்குமேல் வெளியே நடமாடத் தடை. ஆகவே மூன்று மணிக்கே நல்ல நேரம் என்று குறித்திருந்தார்கள். அந்த முகூர்த்தத்தை ஜோசியர் குறித்தாரா போலீஸ் குறித்ததா என்று கேட்கக்கூடாது.

பேழையை மடியில் வைத்துக்கொண்டு குட்டியானையின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பானையிலிருந்து போனை எடுத்துத் தட்டினாள். சார்ஜ் குத்துகிற ஓட்டையில் ஒரு அரிசி சிக்கியிருந்தது.

“ஏனுங்க, யோகப்பிரியா மூஞ்சி எப்படிப் போகுமுங்க?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“மாஸ்க்குப் போட்டிருக்கும். தெரியாது” என்றான் பூபதிராஜா.

*

வரிசையில் ஊர்ந்து எல்லைக்கு வந்தபோது மணி இரண்டாகியிருந்தது. முதலில் தமிழ்நாட்டுத் தடுப்பு. அங்கே ஏட்டு இன்பமேரி, தென்னங்கீற்று நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பதடி தள்ளிக் கேரளத் தடுப்பு. அங்கே ஜிதின் என்ற இளவயசுப் போலீஸ்காரர், முகக்கவசத்துக்கு மேலே ஒரு கண்ணாடித் திரையும் மாட்டிக்கொண்டு, அதில் படிந்த வேர்வையைத் துடைத்தபடி நின்றார். நடுவில் முப்பதடி வெறும் தார்ரோடு, மே மாத வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

இன்பமேரி பாஸ் எண்ணைச் சத்தமாகப் படிக்க, ஜிதின் அங்கிருந்தபடி தன் போனில் தட்டிப் பார்ப்பார். அதுதான் நடைமுறை.

“குட்ஸ் வண்டி” என்று ஜிதின் கத்தினார். “டிரைவர் பூபதிராஜா. ஓக்கே. லோடு... கூறைச்சேலை. எண்ணிக்கை ஒண்ணு. வேற ஆளு... இல்லா.”

“இருக்குதுங்க!” என்று பூபதிராஜா பதறினான். “வனிதான்னு எழுதியிருக்கனுங்க!”

ஜிதின் திரையை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மறுபடி படித்தார். “அது லோடு விவரத்துலயாணு சேட்டா. ‘கூறைச்சேலை, உடன் வனிதா’. ஞான் வனிதான்னா சேலைக் கம்பெனின்னு நினைச்சு.”

இன்பமேரியின் முகக்கவசம் இரண்டு தரம் குலுங்கி அடங்கியது.

வனிதா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் தென்னைமரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க. என்னையத் தேங்காய்ப் பாரத்துலயா எழுதுனீங்க?”

“இல்லீங்க... வாரா வாரம் போடற பாரமுங்க. டக்குனு கெடைக்குமுங்க. கை பழகிப்போச்சுங்க.”

பயந்தால் மட்டும்தான் பூபதிராஜா பெண்டாட்டிக்கு ‘ங்க’ போடுவான்.

“சேச்சி, ஞான் என்ன செய்யட்டே?” ஜிதினின் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “சேலைக்குப் பாஸ் உண்டு. வண்டிக்குப் பாஸ் உண்டு. சேட்டனுக்கும் உண்டு. சேச்சிக்கு மாத்திரம் இல்லா.”

“அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க” என்றான் பூபதிராஜா. “நான் சேலையைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு...”

வனிதா பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் இருமலாக மாறிவிட்டது. கொரோனா காலத்தில் செக்போஸ்ட்டில் இருமலாமா? இன்பமேரி நாற்காலியோடு மூன்றடி பின்னால் போனார். வரிசையில் நின்ற மாங்காய் லாரிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றினார்கள்.

“யோவ், காய்ச்சல் இருக்கா?” என்று இன்பமேரி துப்பாக்கிபோல இருந்த வெப்பமானியை நீட்டினார்.

“அவருக்குக் காய்ச்சல் இல்லீங்க ஏட்டம்மா. பயம்” என்றாள் வனிதா.

பேழையோடு இறங்கி, தடுப்போரத்தில் கிடந்த மண்மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். பட்டுச்சேலை, பூ, நெற்றி நிறையப் பொட்டு, பட்டினி வயிறு. இத்தனையோடு ரோட்டில் உட்கார்ந்து அழுவதா? போனை எடுத்தாள்.

“அம்மா. சேலை வேணும்னா செக்போஸ்ட்டுக்கு வந்து வாங்கிக்குங்க. அந்த யோகப்பிரியாவையும் கூட்டியாங்க. அவ தலையில நானே தூக்கி வெக்கறேன்.”

“ஏஞ்சாமி இப்படிப் பேசற?” என்று நாச்சம்மாள் ஆரம்பித்தாள். போன் அணைந்துவிட்டது.

*

அரைமணி நேரத்தில் ஜீப் வந்தது. மாங்காய்த் தோட்டத்து ஜீப். பின்னால் நாலு கூடைப் பழமும் இருந்தது. நாச்சம்மாள் முன்னால் இறங்கினாள். மாமரத்துப் பச்சையில் புடவையும், அந்தப் புடவைக்கு எடுத்த ரவிக்கையில் மிச்சப்பட்ட துணியில் தைத்த முகக்கவசமும்.

அவளுக்குப் பின்னால் கோபிநாத் இறங்கினான். கையில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

“கங்கணம் கட்டுன மாப்பிள்ளை ஊரெல்லை தாண்டக்கூடாதுன்னேன், கேட்டாத்தானே?” என்று நாச்சம்மாள் முப்பதடிக்கு அப்பால் இருந்து மகளிடம் முறையிட்டாள்.

“தாண்ட மாட்டாருங்கம்மா, ஞான் விட மாட்டேன்” என்று ஜிதின் ஆறுதல் சொன்னார்.

வனிதா தம்பியைப் பார்த்து இரண்டு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. இளைத்திருந்தான். தாடியை எடுத்ததில் பள்ளிக்கூடத்துப் பையன்போல இருந்தான். வழியெல்லாம் அவனைக் கேட்க வேண்டுமென்று பத்துக் கேள்வி சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“மாஸ்க்கை மூக்குக்குமேல ஏத்துடா!”

அவன் ஏற்றிக்கொண்டான்.

முப்பதடி தள்ளி நின்று ரகசியம் பேசமுடியாது. அந்தக் குடும்பத்தின் சங்கதியெல்லாம் இரண்டு மாநிலத்துக்கும் கேட்டது. மாங்காய் லாரிக்காரர்கள் ஏற்றிய கண்ணாடியை மறுபடி இறக்கினார்கள்.

“சேலையை மட்டும் அனுப்பிருன்னு சொன்னயே, அந்த வாய்தானே இது?” என்றாள் வனிதா.

“அக்கா, அது நான் சொன்னதில்லக்கா. அம்மா சீட்டுல எழுதிக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க.”

“நானா!” என்றாள் நாச்சம்மாள்.

“இன்னும் சட்டைப் பையிலதான் இருக்குது, காட்டட்டுமா?”

“அட, முகூர்த்தம் தப்பிப் போகுமேன்னு எழுதுனேன். அதையப் போயி இத்தனை சனத்துக்கு முன்னால...” நாச்சம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

வனிதாவின் கோபத்தில் பாதி அங்கேயே கழன்று விழுந்தது. ஆனாலும் மீதி இருந்தது. ஜீப்பின் பின் சீட்டில் இருந்து யோகப்பிரியா இறங்கிக்கொண்டிருந்தாள். இவளும் கிளிப்பச்சை. அதே கடை, அதே கரை.

“வாம்மா, வா. வந்து வாங்கிக்க” என்று வனிதா பேழையைத் தூக்கினாள்.

“அக்கா, எனக்கு இந்தச் சீரே வேண்டாமுங்க” என்றாள் யோகப்பிரியா. குரல் உடைந்திருந்தது. “காத்தால அஞ்சு மணிக்குக் குளிக்க வெச்சாங்க. வெரதம்னு இன்னும் வாயில ஒண்ணும் படல. ஜீப்பு பூராவும் மாம்பழ வாசம். எனக்குத் தலை சுத்துதுங்க. நீங்களே எப்படியாச்சும் நின்னுக்குங்க.”

இப்படி ஒரு எதிரியோடு எப்படிச் சண்டை போடுவது? வனிதாவுக்கு முதல் தடவையாக அவள் மேல் இரக்கம் வந்தது. தன் வயிறும் அதே நேரத்தில் கூவியது.

அந்த நேரத்தில் கோபியின் கையிலிருந்த போனில் ஒரு வெள்ளை மீசை தெரிந்தது. மீசை மட்டும்தான். கருப்புசாமிப் பெரியப்பா போனை எப்போதும் அப்படித்தான் பிடிப்பார். அவர்தான் கல்யாணச் சீரெல்லாம் நடத்திவைக்கிற அருமைக்காரர். யோகப்பிரியாவின் அப்பாவும் அவரே. வயசு எழுபத்துநாலு. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சுகாதாரத் துறையின் ஆஷாப் பணியாளர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதிலிருந்து அவர் போன் வழியாகத்தான் ஊரை நடத்தினார்.

“அங்க என்ன சத்தம்? மூணு மணி ஆகுதல்லோ?”

“பெரியப்பா, அக்காவை விட மாட்டேங்கறாங்க.”

“வனிதா எங்கிருக்கறா?”

“முப்பதடி தள்ளி நிக்கறா.”

மீசை ஒரு தரம் கனைத்தது. “கூடப்பொறந்தவ கண்ணுக்கு முன்னால சேலையைத் தூக்கிட்டு நிக்கறப்ப, எம்புள்ளையை எதுக்குடா நிறுத்தறீங்க? அது முறையில்ல” என்றது.

வனிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் மகளைத்தான் தூக்கிப் பிடிப்பார் என்று ஒரு மாசமாக அவரை மனசுக்குள் திட்டியது எத்தனை தப்பு. எழுந்து நின்றாள். தலை தெளிந்திருந்தது.

“தம்பி, போலீஸ் தம்பி. ஒரு வார்த்தை கேக்கறனுங்க.”

“பறயணும் சேச்சி.”

“சேலைக்குப் பாஸ் இருக்குதுங்களா?”

“உண்டு.”

“சேலை அக்கட்டால, உங்க பக்கம் வரலாமுங்களா?”

“வராம்.”

“முழுசாத்தான் வரோணும்னு உத்தரவு இருக்குதுங்களா? பாதி வந்தா?”

ஜிதின் யோசித்தார். போனில் இருந்த உத்தரவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “பாதிச் சேலைக்கு நியமம் ஒண்ணும் காணல.”

“அப்ப ஒரு முனை என்ற கையில இருக்கட்டும். மறு முனை மட்டும் என்ற தம்பிகிட்டப் போகட்டும்.”

கடைசி லாரியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

இன்பமேரி நாற்காலியை விட்டு எழுந்தார். “ஏம்மா, இது என்ன விளையாட்டு? மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“குட்ஸ் போச்சுன்னு சொல்லுங்க ஏட்டம்மா. நெசந்தானுங்களே?”

*

பூபதிராஜா கைகழுவிவிட்டுப் பேழையிலிருந்து சேலையின் ஒரு முனையை எடுத்தான். அந்த முப்பதடியில் கால்வைக்க உரிமையுள்ள ஒரே ஆள் இப்போது அவன்தான். தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, சாமி பல்லக்குக்கு முன்னால் போகிறவன்போலக் கேரளத்தை நோக்கி நடந்தான். பேழையில் மாந்துளிர் நிறம் மடிப்பு மடிப்பாக அவிழ்ந்தது. பதினாறு முழம்.

கோபிநாத் தடுப்புக்கு மேலே கையை நீட்டினான். எட்டவில்லை. இன்னும் நாலு முழம் இருந்தது.

“இழு! நல்லா இழு!” என்றாள் நாச்சம்மாள்.

“இழுத்தா கிழிஞ்சு போகுமுங்க அத்தை. இது பட்டு, கயிறில்ல” என்றான் பூபதிராஜா.

“சேலை தரையில படக்கூடாது!” என்று போனுக்குள்ளிருந்து மீசை எச்சரித்தது.

எல்லாரும் ஜிதினைப் பார்த்தார்கள். ஜிதின் தடுப்பைப் பார்த்தார். தடுப்புக்குச் சக்கரம் இருந்தது. திருச்சூரில் அவருக்கும் ஒரு சேச்சி இருந்தாள். விஷுவுக்குப் போக லீவு கிடைக்காமல் அவளோடு போனில்தான் பேசினார். அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தடுப்பைப் புட்டத்தால் ஒரு தள்ளுத் தள்ளினார். கேரளம் இரண்டு முழம் முன்னால் வந்தது.

இப்போது எல்லாரும் இன்பமேரியைப் பார்த்தார்கள்.

“என்னையும் ஏன் பாக்கீய? அவன் நகத்துனா நானும் நகத்தணுமா?”

வனிதா சேலை முனையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

“நானும் மூணு தம்பிக்கு அக்காக்காரிதான், போ” என்று இன்பமேரி பல்லைக் கடித்துக்கொண்டு தடுப்பைப் பிடித்து இழுத்தார். “எவனாச்சும் போட்டோ எடுத்தீய, வண்டியைப் புடிச்சு உள்ள வச்சிருவேன்!” தமிழ்நாடும் இரண்டு முழம் முன்னேறியது.

தலைப்பு கோபியின் விரலில் பட்டது.

“ஒரு நிமிஷம்!” ஜிதின் கிருமிநாசினிப் புட்டியோடு பாய்ந்தார். “தொட்ட கைக்கு அடிக்கணும்.”

“சாமி, கையில அடி, பட்டுல அடிக்காத!” என்று நாச்சம்மாள் அலறினாள்.

சேலை நடுவில் தொய்ந்தது. பூபதிராஜா ஓடிப்போய் நடுரோட்டில் நின்று அதைத் தலையில் தாங்கினான். இரண்டு கையையும் தூக்கி, மூன்று மணி வெயிலில், தேங்காய் எண்ணெய் வழிய, பந்தக்கால்போல நின்றான். வனிதாவுக்கு அவன் மேல் இருந்த கோபமும் அப்போதுதான் போனது. தேங்காய்ப் பாரத்தில் எழுதியிராவிட்டால் சேலையே இங்கே வந்திராது அல்லவா?

காலிப் பேழையைத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் பேழை, மறு கையால் சேலை. நாலாவது கொக்கி இல்லாத ரவிக்கை, தூக்கிய கைக்குக் கொஞ்சம் வசதியாகவே இருந்தது.

“நடத்துங்க பெரியப்பா” என்றான் கோபி.

“சாமி கும்பிட்டுக்குங்க எல்லாரும். கோபிநாத்து, நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு உன்ற ஊட்டுக்கு ஒரு புள்ளை வருது. அது வந்தப்பறம், உன்னோட கூடப்பொறந்த இவளை...”

மீசை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“நெட்டுப் போச்சு” என்றாள் யோகப்பிரியா.

வெயிலில் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி வார்த்தை போன் கோபுரத்துக்கும் முதலமடைக்கும் நடுவில் எங்கோ சிக்கிக்கிடந்தது. வனிதாவின் தோள் வலித்தது. விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

“மறக்கமாட்டேனுங்க” என்றான் கோபி. போனைப் பார்த்துச் சொல்லவில்லை. சேலையின் நீளத்துக்கு நேராக, அக்காவைப் பார்த்துச் சொன்னான். பிறகு சத்தத்தைக் குறைத்து, இத்தனை தூரம் தள்ளி நிற்பதை மறந்துபோய், “கை வலிக்குதாக்கா?” என்றான்.

மாநில எல்லையில் அத்தனை பேருக்கும் கேட்டது. இன்பமேரி வேறு பக்கம் திரும்பி, லாரி நம்பர் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதினார். அந்த லாரியை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

“...மறக்க மாட்டயாடா?” என்று மீசை உயிர்பெற்றுக் கேட்டது.

“சொல்லியாச்சுங்க பெரியப்பா!” என்று நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

“ஆகட்டும். அக்காக்காரி சேலையை விடலாம்.”

விடவேண்டும். சேலை மணப்பெண்ணுக்கு உரியது. நாளைக் காலையில் அது முதலமடையில் இருக்கவேண்டும். வனிதாவுக்குத் தெரியாதா? தெரிந்தும் விரல்கள் ஒரு மூச்சுநேரம் கூடுதலாக அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு விட்டாள். பூபதிராஜா மடித்து மடித்துக் கைமேல் வாங்கிக்கொண்டு போனான்.

யோகப்பிரியா ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டாள். மாம்பழத்தைத் தோலோடு கடிக்கிற சத்தம் கேட்டது.

“எனக்கும் ரெண்டு வீசு புள்ளை!” என்றாள் வனிதா. இரண்டு பழம் கேரளத்திலிருந்து பறந்து வந்தன. ஒன்றை இன்பமேரி பிடித்தார். அதற்குப் பாஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

வனிதா முகக்கவசத்தை இறக்கிப் பழத்தில் பல்லை வைத்த நேரத்தில்தான் கோபியின் போன் மறுபடி அடித்தது. பெரியப்பா இல்லை. பெண்ணின் அப்பா.

கோபி காதில் வைத்தான். “சரிங்க மாமா” என்றான். “எப்பங்க?” என்றான். பேச்சு முடிந்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“என்னடா? ஆரு? என்ன சொல்றாங்க?” நாச்சம்மாள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் அம்மாவின் கையை விலக்கினான். திரும்பித் தடுப்பை நோக்கி ஓடிவந்தான். இரும்பில் நெஞ்சு இடித்துத்தான் நின்றான்.

“அக்கா! பொண்ணு ஊட்டு வீதியை அடைச்சுட்டாங்களாமாக்கா! மூணாவது ஊட்டுக்காரருக்குக் கொரோனாவாம். மத்தியானமே மூங்கில் கட்டிட்டாங்களாம். உள்ள இருக்கறவங்க பதினாலு நாளைக்கு ஆரும் வெளிய வரக்கூடாதாம். பொண்ணு உள்ளதான் இருக்குது. இப்ப என்னக்கா பண்றது?”

நாச்சம்மாள் ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டாள். யோகப்பிரியா மென்றதை விழுங்காமல் நின்றாள். கையில் கூறைச்சேலையோடு பூபதிராஜா யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தான்.

வனிதாவுக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால், வெட்கமில்லாமல், ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அம்மா இருக்கிறாள். கூப்பிட்டால் போனில் பெரியப்பா இருக்கிறார். அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவன் ஓடிவந்தது தன்னிடம். முகக்கவசத்தை அவசரமாகக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்து ஏற்றிக்கொண்டாள். இதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

மாம்பழக் கையை முந்தானையில் துடைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“அழுகாத சாமி. மொதல்ல இதைச் சொல்லு, அந்த வீதிக்கு மொத்தம் எத்தனை வழி இருக்குது?”

இரண்டு மாநிலத்துப் போலீசும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.